ஆவியாக வந்து சாட்சி சொல்லும் உலோகங்கள்



தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ பேய்க்கதை என்று நினைத்துவிட வேண்டாம். இது தண்ணீர்க் கதை. கெமிக்கல் பிரிவுக்காரன் எழுதியது நமக்கெதற்கு என்று மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். எந்தப் பிரிவில் படித்தாலும் நாம் குடிப்பது ஒரே ஆற்று வெள்ளம்தானே!

இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். போகும்போது மூவாற்றுமுகத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். கோதையாறும் பரளியாறும் கூடி, திருவட்டாற்றைச் சுற்றிக் குழித்துறைப் பக்கம் போகிற நம்ம ஆறு. அதில் பாதரசம் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. பாட்டில்களைப் பார்த்த பாட்டா சிரித்தார். "மக்களே, வெள்ளம் கண்ணாடி மாதிரி கெடக்கு. அறுபது வருஷமா நான் இதுலதான் குளிக்கேன், குடிக்கேன். நீ இதுல என்னத்தப் பாக்கப் போற?" என்றார்.

அவரிடம் அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு பி.பி.பி. என்றால் எவ்வளவு?

கலங்கல், நிறம், நாற்றம் இவற்றைக் கண்ணும் மூக்கும் பிடித்துவிடும். கரைந்திருக்கும் பாதரசத்தையோ ஆர்சனிக்கையோ பிடிக்காது. இவை கரைந்த தண்ணீர் கண்ணாடி மாதிரியேதான் கிடக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி பாதரசம் ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆர்சனிக்குக்கு ஏற்கத்தக்க அளவு 0.01 மில்லிகிராம். அதாவது பாதரசம் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதைத்தான் லேபில் ஒரு பி.பி.பி. என்கிறோம். நூறு கோடியில் ஒரு பங்கு!

இதைக் கற்பனை செய்ய ஒரு கணக்கு. 10,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் டேங்கர் லாரிகள் நூறை வரிசையாக நிறுத்துங்கள். மொத்தம் 10 லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் பாதரசம் கரைந்திருந்தால், அதுதான் ஒரு பி.பி.பி. அந்த ஒரு கிராமைத்தான் நாம் தேட வேண்டும். அதுவும் நூறு லாரியையும் வடிகட்டி அல்ல, ஒரு லாரியிலிருந்து எடுத்த நூறு மில்லி தண்ணீரை வைத்துக்கொண்டு!

சுடரில் ஏன் பிடிபடுவதில்லை?

அணு உறிஞ்சல் நிறமாலை முறை, சுருக்கமாக ஏ.ஏ.எஸ்., என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1955-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் இதை வேதிப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தார். தத்துவம் எளிது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனக்கென்று சில அலைநீளங்கள் உண்டு. அந்த அலைநீள ஒளியை மட்டும் அது விழுங்கும். பாதரச அணு 253.7 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். ஆர்சனிக் அணு 193.7-ஐ விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று அளந்தால், எவ்வளவு அணு இருந்தது என்று சொல்லிவிடலாம். பியர் - லாம்பர்ட் விதி என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

ஆனால் ஒளியை விழுங்க வேண்டுமானால் அணுக்கள் தனித்தனியாக, வாயு நிலையில் இருக்க வேண்டும். சாதாரணக் கருவியில் இதற்காகத் தண்ணீரைத் தூவானமாக்கிச் சுடருக்குள் அனுப்புகிறார்கள். அங்கேதான் சிக்கல். தூவானமாகிச் சுடர்வரை போய்ச் சேர்வது உறிஞ்சிய தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மீதி எல்லாம் குழாய் வழியாகக் கழிவுக்குப் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் சுடரின் வாயுக்களோடு கலந்து, ஒளிப்பாதையைக் கண் இமைக்கும் நேரத்தில் கடந்து மேலே பறந்துவிடும். அதனால் பாதரசம் லிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கும் மேலே இருந்தால்தான் சுடரில் தெளிவாகத் தெரியும். நமக்கு வேண்டியதோ ஒன்று!

ஆவியாக்கும் வித்தை

அப்படியென்றால் என்ன வழி? தண்ணீரைச் சுடருக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, உலோகத்தை மட்டும் தண்ணீரிலிருந்து ஆவியாக வெளியே கூப்பிட வேண்டும். இதுதான் வேதிமுறை ஆவியாக்கம். நூறு மில்லி தண்ணீரில் கரைந்து கிடந்ததெல்லாம் ஒரு சிறிய குழாயில் வந்து கூடிவிடும். தண்ணீரும் அதிலுள்ள உப்பும் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

உலோகங்களில் பாதரசத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சாதாரண வெப்பநிலையிலேயே அது ஆவியாகும். ஆவியானபின் தனித்தனி அணுவாகவே இருக்கும். சூடாக்கவே தேவையில்லை. ஆகவே இதைக் 'குளிர் ஆவி முறை' என்கிறார்கள். 1968-இல் ஹாட்ச், ஓட் என்ற இருவர் வெளியிட்ட செய்முறைக்குப் பிறகு உலகம் முழுக்க இது பரவியது.

படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீரில் அமிலமும் பெர்மாங்கனேட்டும் பெர்சல்பேட்டும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். மெதில் பாதரசம் போன்ற கரிமச் சேர்மங்களாக மறைந்திருப்பவை எல்லாம் உடைந்து சாதாரணப் பாதரச அயனியாக மாறும். இரண்டாவது, மிஞ்சிய பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் போகும்வரை ஹைட்ராக்சிலமைன் சேர்க்க வேண்டும். நிறம் போவதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. உப்புத் தண்ணீராக இருந்தால் முதல் படியில் குளோரின் வாயு உண்டாகும். குளோரினும் 253.7 நானோமீட்டரில் ஒளியை விழுங்கும். அதை விட்டுவைத்தால் இல்லாத பாதரசம் இருப்பதாகக் கருவி காட்டும்.

மூன்றாவது, ஸ்டானஸ் குளோரைடு. இது பாதரச அயனியை ஒடுக்கி உலோகப் பாதரசமாக்கிவிடும். உடனே காற்றையோ ஆர்கானையோ குமிழியாகச் செலுத்தினால், பாதரசம் அந்தக் குமிழியில் தொற்றிக்கொண்டு மேலே வரும். ஈரத்தை உலர்த்திவிட்டு, இரு முனையிலும் குவார்ட்ஸ் கண்ணாடி வைத்த குழாய்க்குள் அனுப்புவார்கள். குழாயின் ஒருபக்கம் பாதரச விளக்கு, மறுபக்கம் ஒளி உணரி. ரெக்கார்டரில் முள் எழும்பி இறங்கும். அந்த உயரத்தை, நமக்கு ஏற்கெனவே அளவு தெரிந்த கரைசல்களின் உயரத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இந்த முறையில் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் வரைக்கும் சாதாரணமாகவே இறங்கலாம். ஒளியை விழுங்குவதற்குப் பதிலாக அணு திருப்பி உமிழும் ஒளியை அளக்கும் ஒளிர்வு முறைக் கருவியில் இன்னும் பல மடங்கு கீழே போகலாம்.

ஆர்சனிக்கு, செலினியம், ஆன்டிமனி, பிஸ்மத் போன்றவை பாதரசம் மாதிரித் தானாக ஆவியாவதில்லை. அவற்றுக்குச் சோடியம் போரோஹைட்ரைடு வேண்டும். அமிலக் கரைசலில் அதைச் சேர்த்தால், ஆர்சனிக்கு ஆர்சின் என்ற வாயுவாக மாறி வெளியே வரும். அந்த வாயுவைச் சுமார் 900 டிகிரி சூட்டில் உள்ள குவார்ட்ஸ் குழாய்க்குள் விட்டால் உடைந்து ஆர்சனிக் அணுவாகும். இது 'ஹைட்ரைடு முறை'. 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர், கொலை வழக்குகளில் ஆர்சனிக் விஷத்தைக் கண்டுபிடிக்க இதே ஆர்சின் வாயுவைத்தான் பயன்படுத்தினார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் வைத்து அவர் செய்ததை, 1969-இல் ஹோலாக் என்பவர் அணு உறிஞ்சல் கருவியோடு சேர்த்தார். ஒரு எச்சரிக்கை: ஆர்சின் கொடிய விஷம். ஃபியூம் ஹுட் இல்லாத இடத்தில் இதைச் செய்து பார்க்கும் ஆசையே வேண்டாம்.

கொடைக்கானல் சொன்ன பாடம்

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்கிறீர்களா? நம்ம தமிழ்நாட்டிலேயே இந்த முறைக்கு வேலை வந்தது. கொடைக்கானலில் 1980-களில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவில் இருந்து எந்திரங்களைக் கொண்டுவந்து பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்தது; பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தது 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியே தெரிந்தது. ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் போராட, அதே மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர்களின் நோய்களுக்குத் தொழிற்சாலை காரணமல்ல என்பது கம்பெனியின் நிலை. தொழிலாளர்கள் சொன்னது வேறு.

இப்படி ஒரு தரப்பு உண்டு என்றும் மறு தரப்பு இல்லை என்றும் சொல்லும்போது, நடுவில் நிற்பது அளவீடு ஒன்றுதான். பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வுக்கூடம் கொடைக்கானல் ஏரித் தண்ணீரை அளந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம். மைக்ரோகிராமில் சொன்னால் 0.36 முதல் 0.47 வரை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குடிநீருக்கான எல்லை 1 மைக்ரோகிராம். ஏரித் தண்ணீரில் அதில் பாதிகூட இல்லை. அப்படியானால் 'பாஸ்' போட்டுவிடலாமா? அந்த ஆய்வாளர்கள் அப்படி விடவில்லை. தொழிற்சாலையிலிருந்து தள்ளியிருக்கும் பேரிஜம், கூக்கால் ஏரிகளின் தண்ணீரையும் அதேபோல் அளந்தார்கள். அங்கே அளவு கணிசமாகக் குறைவு. தண்ணீரோடு நிறுத்தாமல் ஏரியின் அடிச்சேற்றையும் மீனையும் பார்த்தார்கள். பாதரசம் மெதில் பாதரசமாக மாறி மீனின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரில் கொஞ்சம்தான் இருக்கும், மீனில் பல மடங்கு ஏறிவிடும். 1956-இல் வெளியே தெரிந்த ஜப்பானின் மினமாட்டா நோய் மீன் வழியாகத்தான் மக்களிடம் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஏரி மாசுபட்டிருக்கிறது, காரணம் தொழிற்சாலை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

சுடர் முறை மட்டுமே கையில் இருந்திருந்தால் இந்த மூன்று ஏரிகளுக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும்: 'கண்டறியப்படவில்லை'.

'கண்டறியப்படவில்லை' என்றால்?

லேப் ரிப்போர்ட்டில் பி.டி.எல். என்று மூன்று எழுத்து போடுவார்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். நாம் அதை 'இல்லை' என்று படித்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. கருவியின் எல்லை 100 என்றால், 90 இருந்தாலும் பி.டி.எல்.தான்!

அதைவிட மோசம், கேட்காமலே விட்டுவிடுவது. வங்காளதேசத்தில் 1992-இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீரில் பல தனிமங்களை அளந்து அறிக்கை தந்தது. அளந்த பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பக்கத்திலுள்ள மேற்கு வங்காளத்தில் 1983-லேயே ஆர்சனிக் நோயாளிகளைக் கல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாகா அடையாளம் கண்டிருந்தார். பிற்பாடு வங்காளதேசத்தில் கோடிக்கணக்கானோர் ஆர்சனிக் கலந்த தண்ணீரைக் குடித்து வந்தது தெரிந்தது. நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2006-இல் லண்டனில் அது தள்ளுபடியானது. சட்டம் அப்படிச் சொன்னது. ஆனால் ஒரு வரி குறைந்த அறிக்கையின் விலை என்ன என்பதை நாம் மறக்கக் கூடாது. எல்லைப்புறத்தின் இந்தப் பக்கம், யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தீபங்கர் சக்கரவர்த்தியின் குழு ஹைட்ரைடு முறையை வைத்துத்தான் பல்லாயிரம் கிணற்றுத் தண்ணீரை அளந்தது.

என் இரண்டு பாட்டில் என்ன ஆயிற்று?

இப்போது சொந்தக் கதைக்கு வருகிறேன். பாட்டில்களை லேபில் கொடுத்ததும் அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஆசிட் போட்டியா?" என்பதுதான். நான் முழித்தேன். பிளாஸ்டிக் பாட்டிலில், அமிலம் சேர்க்காமல், நான்கு நாள் வைத்திருந்தேன். "அப்ப இத அளந்து பிரயோஜனம் இல்ல" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் விளக்கவில்லை, செய்து காட்டினார். இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் சுத்தத் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் 5 பி.பி.பி. பாதரசம் நாங்களே சேர்த்தோம். ஒன்றில் மட்டும் நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் டைகுரோமேட்டும். ஒரு வாரம் கழித்து அளந்தோம். அமிலம் போட்டதில் ஏறக்குறைய 5 வந்தது. போடாததில் பாதிகூட வரவில்லை! பாதரசம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகியும் தப்பிவிடும். நான் கொண்டுபோன ஆற்றுத் தண்ணீரை அளந்திருந்தால் 'பி.டி.எல்.' என்று வந்திருக்கும். நானும் ஊரெல்லாம் 'நம்ம ஆறு சுத்தம்' என்று சொல்லியிருப்பேன்.

மறுபடி ஊருக்கு வந்து, இந்தமுறை ஒழுங்காக அமிலம் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனேன். நானே அளக்க அனுமதி கிடைத்தது. முதலில் பிளாங்க், அதாவது ஒன்றும் கலக்காத சுத்தத் தண்ணீர். அது சுழியம் காட்ட வேண்டும். முள் ஜம்மென்று ஏறியது! மறுபடி செய்தேன், மறுபடி ஏறியது. அண்ணன் வந்து பார்த்தார்.

"இந்த பிளாஸ்க் எங்க இருந்து எடுத்த?"

"சி.ஓ.டி. பெஞ்சில இருந்து அண்ணா. நல்லாக் கழுவித்தான் எடுத்தேன்."

"பின்ன, சி.ஓ.டி. பிளாஸ்குல பாதரசம் இல்லாம பழச்சாறா இருக்கும்? நீ ஆத்துல தேடுத சாதனம் உனக்க கையிலேயே இருக்கு தம்பி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சி.ஓ.டி. பரிசோதனையில் குளோரைடின் தொல்லையைத் தடுக்க மெர்க்குரிக் சல்பேட் போடுகிறோம் அல்லவா? 20 மில்லி சாம்பிளுக்கு 0.4 கிராம். அதை எத்தனை முறை எடை போட்டிருப்பேன்! அது பாதரசம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். மெர்க்குரிக் சல்பேட்டின் மூலக்கூறு எடை சுமார் 297. அதில் பாதரசம் 201. ஆக 0.4 கிராமில் பாதரசம் 0.27 கிராம், அதாவது 2,70,000 மைக்ரோகிராம். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது எல்லை. ஒரே ஒரு பிளாஸ்க் சி.ஓ.டி. கழிவு, 2,70,000 லிட்டர் தண்ணீரை எல்லைவரை கொண்டுபோகப் போதும். நம்ம டேங்கர் லாரிக் கணக்கில் 27 லாரி! இது ஒரு பிளாஸ்க். ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பிளாஸ்க்?

நானும் என் செட்டில் இருந்தவர்களும் அதை எங்கே ஊற்றினோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சிங்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டோம். யாரும் ஊற்றச் சொல்லவில்லை. எங்கே ஊற்றுவது என்று நாங்களும் கேட்கவில்லை. கொடைக்கானலைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் கை தட்டியவன்தான் நான்.

நாம் செய்யக்கூடியது

மாணவர் சங்க மலரில் இதை எழுதுவதற்குக் காரணமே இதுதான். நம்மால் ஏரியைச் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் நம் சிங்கை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

சி.ஓ.டி. கழிவுக்கென்று மூடியுள்ள தனி கேன் ஒன்று வைத்து, 'பாதரசக் கழிவு' என்று எழுதி ஒட்ட வேண்டும். பிளாஸ்கை முதலில் கழுவும் தண்ணீரும் அதற்குள்ளேயே போக வேண்டும். நிறைந்த கேனை, அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். சல்பைடு சேர்த்து நாமே படியவைக்கலாமே என்று யாரும் இறங்க வேண்டாம். அந்தக் கழிவு முழுக்க அமிலம். சல்பைடு பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வந்துவிடும். முடிந்தால் 20 மில்லிக்குப் பதில் இரண்டரை மில்லி சாம்பிளே போதும் என்கிற மூடிய குழாய் முறைக்கு மாறலாம். கழிவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கப் போகிறேன். நண்பர்கள் கை தூக்க வேண்டும்.

இன்னொன்று. நாளைக்கு நம்மில் பலர் ஏதாவது ஒரு லேபில் டெக்னீஷியனாக நிற்கப் போகிறோம். கையெழுத்துப் போடுவது பெரிய அதிகாரியாக இருக்கலாம். ஆனால் பாட்டிலில் அமிலம் ஊற்றுவது நாம். பிளாங்க் ஓட்டுவது நாம். பிளாங்க் ஏறினால் மறைத்துவிட்டு எண்ணை எழுதுவதும், நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவதும் நம் கையில்தான் இருக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் ஒரு ஊர் தண்ணீர் குடிக்கும்.

ட்ரெயினிங் முடியும்வரை எனக்குச் சரியான பிளாங்க் கிடைக்கவில்லை. அதனால் மூவாற்றுமுகத்துத் தண்ணீருக்கு நேரே என் ரெக்கார்டு நோட்டில் எந்த எண்ணும் இல்லை. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாட்டா கேட்டார்: "என்ன மக்களே, வெள்ளத்துல ஏதாவது கெடந்துதா?"

"இன்னும் தெரியாது பாட்டா. மறுபடி எடுத்துப் பாக்கணும்" என்றேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், வேதிப் பொறியியல் பிரிவு